காருக்கு இரண்டு செட் செருப்பு

நம் ஊரில் குளிர்காலம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பீரோவின் மேல் தட்டிலிருந்து மஃப்ளரை எடுக்கிறோம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் பாட்டிலை வெயிலில் வைக்கிறோம். ஃபேனை இரண்டு புள்ளி குறைக்கிறோம். தை பிறந்ததும் மஃப்ளர் மறுபடி மேல் தட்டுக்குப் போய்விடும். சென்னைக் குளிர்காலம் அவ்வளவுதான்.

கனடாவில் மான்ட்ரியால் பக்கம் இருப்பவர்களுக்கு இதோடு இன்னொரு வேலை உண்டு. காருக்குச் செருப்பு மாற்ற வேண்டும். அக்டோபர், நவம்பரில் நான்கு டயர்களையும் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, பனிக்கென்று செய்த வேறு நான்கு டயர்களை மாட்டுவார்கள். ஏப்ரலில் திரும்பவும் பழைய நான்கு. அந்த க்யூபெக் மாகாணத்தில் இது விருப்பப்பட்டால் செய்யும் காரியம் இல்லை, சட்டம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் இல்லாமல் கார் ஓட்டக் கூடாது. டயரின் பக்கவாட்டில் மலைச் சிகரமும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த முத்திரை இருக்க வேண்டும்.

மாட்டிய டயரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கழற்றிய நான்கு டயர்கள் அந்த ஐந்தாறு மாதம் எங்கே, எப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த நான்கு டயர்களைப் பற்றியது. "பனியே இல்லாத ஊரில் இருக்கிற எனக்கு இது எதற்கு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவில் உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் காருக்கே வந்து சேருகிறேன்.

என் மகன் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு அக்கரையில், பிரோஸார் என்ற ஊரில் இருக்கிறான். காலேஜ் நாட்களிலிருந்தே கார் பைத்தியம். அங்கே போய் நிலைத்த பிறகு கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற காரை வாங்கினான். பார்க்கச் சாதாரண வண்டி போலத்தான் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் அதன் குணம் தெரியும். அதற்கு 'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்று ஒரு வகை போட்டிருக்கிறான். அளவு 225/40 ஆர் 18. டயர் 225 மில்லிமீட்டர் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர், நம் உள்ளங்கை அகலம்தான். ஆர் என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் அங்குல அளவு. இதெல்லாம் போக ஒய் என்று ஒரு எழுத்து. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று அர்த்தம்.

அங்கே நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 100. "மூணுல ஒரு பங்குக்கு மேல போனா போலீஸ் பிடிக்கும். அப்புறம் எதுக்குடா இந்த டயர்?" என்று கேட்டேன். "வேகத்துக்கு இல்லப்பா. மழையில பிரேக் பிடிக்கிறப்ப தெரியும், வளைவுல திரும்பறப்ப தெரியும்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். தார் ரோட்டை அப்படியே பற்றிக்கொள்கிற ரப்பர் அது. ஆனால் அந்தக் குணம் வெயில் காலத்தில் மட்டும்தான்.

இதைப் புரிந்துகொள்ள வெல்லப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது பாகு கம்பி கம்பியாக இழுபடும். அதே பாகு ஆறிக் கெட்டியான பிறகு இழுத்துப் பார்த்தால் 'டக்'கென்று உடையும். பொருள் மாறவில்லை, சூடுதான் மாறியது. ரப்பரும் அப்படித்தான். ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் வளைகிற குணம் போய், கண்ணாடி போலாகிவிடும். மரத்திலிருந்து வருகிற இயற்கை ரப்பருக்கு அது ஏறக்குறைய மைனஸ் 70 டிகிரி. பனி டயரில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் வெயிலில் வளர்கிற மரத்தின் பால், உறைபனியில் இளகி நிற்கிறது! பெர்ஃபார்மன்ஸ் டயரின் மேல் ரப்பரோ வேறு கலவை. 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அது விறைக்க ஆரம்பிக்கும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இந்த டயரை ஓட்டாதீர்கள், வெறுமனே வைத்திருக்கவும் செய்யாதீர்கள், விரிசல் விடும் என்று இவற்றைச் செய்கிற கம்பெனிகளே எச்சரிக்கின்றன. பிரோஸாரில் ஜனவரி இரவு மைனஸ் 20க்கும் கீழே போவது உண்டு.

என் மகனின் முந்தைய செட் டயர் அப்படித்தான் போனது. வீட்டுக்குப் பின்னால் தோட்டச் சாமான் வைக்கும் பிளாஸ்டிக் ஷெட் ஒன்று இருக்கிறது. மண்வெட்டி, புல் வெட்டும் மெஷின், பெட்ரோல் டின் ஆகியவற்றோடு நான்கு டயர்களையும் அதில் போட்டு வைத்தான். மார்ச் 15 தாண்டியதும், சட்டம் முடிந்ததே என்று ஒரு காலையில் அவற்றை இழுத்து வெளியே போட்டு, உருட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டான். அன்றைக்குக் காலையில் மைனஸ் 9 டிகிரி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டயரில் பட்டனும் நிறைய இருந்தது. ஜூன் மாதம் மனைவி, குழந்தையோடு 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் க்யூபெக் சிட்டிக்குக் கிளம்பினான். பாதி வழியில் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. நல்ல வேளை, ஓரம் கட்டிவிட்டான். இறங்கிப் பார்த்தால் முன் டயர் ஒன்றில் ஒரு கட்டை ரப்பர் பெயர்ந்து போயிருக்கிறது. கடையில் டார்ச் அடித்துப் பார்த்தவர் நான்கு டயரிலும் பட்டன் பள்ளத்தின் அடியில் விரிசல் காட்டினார். குளிரால் வந்த விரிசலுக்கு வாரண்டி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். மூன்று வயது டயர்கள். புதிய செட் ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது.

போனில் அவன் பணத்தைப் பற்றித்தான் பேசினான். எனக்குப் பணம் காதில் விழவில்லை. பின் சீட்டில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்த நாலு வயதுப் பேத்திதான் மனதில் இருந்தாள்.

அந்த வருடம் அக்டோபரில் நானும் என் மனைவியும் ஆறு மாதம் தங்கப் போனோம். போய் இரண்டாவது வாரமே டயர் மாற்றும் நாள் வந்தது. பனி டயர் கறுப்பு இரும்பு ரிம்மில் தனியாக இருக்கிறது. வெயில் டயர் ஆலாய் வீலோடு கழன்று வந்தது. நான்கையும் தூக்கிக்கொண்டு மகன் அதே ஷெட்டை நோக்கி நடந்தான்.

வாசகர்களில் பலருக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருடம் ஒரு டயர் கம்பெனியின் சென்னை டிப்போவில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். டயர் செய்யத் தெரியாது, வைத்துக் காப்பாற்றத் தெரியும். அங்கே எதிரி குளிர் இல்லை. வெயில், வெளிச்சம், எண்ணெய், காற்று நான்கும்தான். ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் பெயின்ட் அடித்து வெளிச்சத்தை மறைத்திருப்போம். டயரை ரேக்கில் நிறுத்தி வைப்போம், மாதம் ஒரு முறை கொஞ்சம் உருட்டித் திருப்பி வைப்போம். டியூபுக்குச் சாக்பவுடர் போட்டு மடிப்போம். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். கிரீஸ் டின்னோ மண்ணெண்ணெயோ கோடவுனுக்குள் வரக் கூடாது. கேட்டில் வெல்டிங் வேலை என்றால் கூடப் பக்கத்து ரேக்கைக் காலி செய்த பிறகுதான். இந்த டயர்களில் பெரும்பாலானவை ஒரு கிலோமீட்டர் கூட ஓடாதவை. ஓடாத டயருக்கும் வயதாகும் என்பதுதான் அந்த உத்தியோகத்தின் முதல் பாடம்.

"ஷெட்ல வேண்டாம்டா. பேஸ்மென்ட்ல வைக்கலாம்" என்றேன்.

"அப்பா, இங்க எல்லாரும் ஷெட்லயும் கராஜ்லயும்தான் வைக்கிறாங்க. பேஸ்மென்ட்ல உங்க ரூம் இருக்கு. ரப்பர் நாத்தம் வரும்."

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மளிகைச் சாமான் வைக்கும் இடம் அது. இரவு என் மனைவி காதோடு சொன்னாள்: "என்னங்க, அவன் காரு, அவன் வீடு. வந்த இடத்துல நாம பேசாம இருந்துட்டுப் போகலாமே." பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கி வந்த எல்லோருக்கும் இந்த வாக்கியம் தெரியும். பெரும்பாலான விஷயத்தில் அது சரியான யோசனையும் கூட. சாம்பாரில் உப்பு, குழந்தை தூங்கும் நேரம், தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரி, இதிலெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. இது அந்த வகை இல்லை என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது, "போன தடவை எவ்வளவு செலவாச்சுன்னு கேக்கல. ஸ்டியரிங் உதறினப்ப உன் கை எப்படி இருந்துதுன்னு யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் டயர்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் குளிர் நாட்டில் இருந்தால் இதை அப்படியே அனுப்பலாம்.

முதல் வேலை குளியல். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப், ஒரு பிரஷ். பட்டன் இடுக்கில் சிக்கிய கல்லை ஸ்க்ரூடிரைவரால் பக்குவமாக எடுத்தோம். ரிம்மில் ஒட்டியிருக்கும் பிரேக் தூசியைத் தேய்த்துக் கழுவினோம். துடைத்து, ஈரம் ஒரு சொட்டு இல்லாமல் காயவைத்தோம். மகன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தான். டயருக்குப் பளபளப்பு ஏற்றும் பாலிஷ். அதை வேண்டாம் என்று ஓரமாக வைத்தேன். பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்த பாலிஷ் ரப்பருக்கு நல்லதில்லை. இன்னொரு விஷயம்: பழகிய டயர் சில சமயம் பக்கவாட்டில் பழுப்பேறித் தெரியும். அழுக்கு என்று நினைத்து அதைச் சுரண்டித் தேய்க்கக் கூடாது. டயர் செய்யும்போதே ரப்பருக்குள் மெழுகும், ஓசோனைத் தடுக்கும் மருந்தும் கலக்கிறார்கள். அது உள்ளிருந்து கசிந்து மேலே வந்து படிவதுதான் அந்தப் பழுப்பு. டயரின் தோலுக்கு அது ஒரு கவசம்.

ஓசோன் வானத்தில் மேலே இருந்தால் நம்மைக் காப்பாற்றுகிறது. கீழே, பக்கத்தில் இருந்தால் ரப்பருக்கு எமன். முக்கியமாக, இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் அது பிளக்கும். உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். பழைய கடிதக் கட்டில் மாட்டிய ரப்பர் பேண்ட் தொட்டதும் அறுந்து விழும். டிராயரில் சும்மா கிடந்த அதே வயது ரப்பர் பேண்ட் இன்னும் நன்றாக இருக்கும். தீப்பொறி பறக்கிற மோட்டார், வெல்டிங் இரண்டும் ஓசோனை உண்டாக்கும். அதனால் டயரை மோட்டார்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்பார்கள். பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒரு மூலை, தண்ணீர் இறைக்கும் பம்ப் இன்னொரு மூலை, நடுவில் ஒரு டிரெட்மில். டிரெட்மில்லைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, அதை யாரும் ஓட்டுவதே இல்லை. மற்ற இரண்டுக்கும் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாடிப்படி அலமாரி.

இரண்டாவது வேலை பை. ஒவ்வொரு டயரையும் கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை முடிந்தவரை வெளியேற்றிக் கட்ட வேண்டும். காற்று போய் வர வழியில்லாவிட்டால் ரப்பரில் இருக்கும் எண்ணெயும் மெழுகும் ஆவியாகி வீணாகாது. நானும் மகனும் பையை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் உப்பிக்கொண்டது. அப்போதுதான் மருமகள் கீழே இறங்கி வந்தாள். "மாமா, நான் ரஜாய்க்கெல்லாம் பண்ணுவேனே, அது மாதிரி வேக்குவம் கிளீனர் வச்சு இழுத்துடலாமா?" என்றாள். குழாயைப் பையின் வாயில் வைத்து அவள் ஸ்விட்சைப் போட்டதும் பிளாஸ்டிக் டயரோடு டயராக ஒட்டிக்கொண்டது. வாயை முறுக்கி டேப் ஒட்டினோம். நான்கு பையும் முடிந்தபோது ரப்பர் நாற்றம் என்ற ஆட்சேபணையும் முடிந்திருந்தது. அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்த அரிசி மூட்டையை அவளே நகர்த்தினாள்.

மூன்றாவது, எப்படி வைப்பது. நான் தரையில் பிளைவுட் பலகை போட்டு, டயரைப் படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னேன். மகன் பிடித்துக்கொண்டான். "டிப்போல நிறுத்தித்தான் வைப்போம்னு சொன்னீங்களே!" நல்ல கேள்வி. டிப்போவில் இருந்தது ரிம் இல்லாத வெறும் டயர். அதை அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும், ஆணியில் தொங்கவிட்டால் ஒரே இடத்தில் இழுபடும். அதனால் நிறுத்தி வைத்து, அவ்வப்போது திருப்ப வேண்டும். ரிம்மோடு, காற்றோடு இருக்கும் டயருக்கு ரிம்மே எலும்பு. அதைப் படுக்க வைத்து நான்கு வரை அடுக்கலாம், ரிம்மைப் பிடித்துத் தொங்கவிடவும் செய்யலாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் இருப்பதுதான் நல்லது. வெறும் சிமென்ட் தரையில் ஈரமும் எண்ணெய்க் கறையும் இருக்கலாம் என்பதால்தான் பலகை.

நான்காவது, அடையாளம். எந்த டயர் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் வலது இடது மாறவே கூடாது. பையின் மேல் மார்க்கர் பேனாவால் நான் எழுதினேன்: மு.வ., மு.இ., பி.வ., பி.இ. முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் ஒரு பூ வரைந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 24 வரை போனது. பேஸ்மென்டில் 18 டிகிரி. இருட்டு, ஈரமில்லாத இடம். நான் பக்கத்து அறையில் கம்பளிக்குள். படிக்கு அடியில் அந்த நான்கும் பைக்குள். வெளியில் போக முடியாமல் வசந்தத்துக்குக் காத்திருந்த வகையில் நாங்கள் ஒரே கட்சி.

ஐந்தாவது, அவசரப்படாமல் இருப்பது. மார்ச் 15 என்பது சட்டம் முடிகிற நாள்தான், குளிர் முடிகிற நாள் இல்லை. பகலில் 10 டிகிரி வெயில் அடித்தாலும் விடியற்காலையில் மைனஸ் 8 இருக்கும். ஆபீசுக்குக் கிளம்புவது விடியற்காலையில்தானே? காலையிலும் 7 டிகிரிக்குக் குறையாத நாட்கள் தொடர்ந்து வந்த பிறகுதான் மாற்ற வேண்டும். ஷெட்டைத் தவிர வேறு இடமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உறைந்த டயரை உருட்டாதீர்கள், தூக்கிப் போடாதீர்கள், மாட்டாதீர்கள். 5 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் ஒரு முழு நாள் வைத்து, உள்வரை குளிர் விட்ட பிறகு தொடுங்கள். பாகைத் திரும்ப இளக விடுகிறோம், அவ்வளவுதான்.

மாட்டிய பிறகு காற்றுப் பார்க்க வேண்டும். 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பவுண்டு குறையும். 18 டிகிரி பேஸ்மென்டில் 35 பவுண்டு காட்டிய டயர், 7 டிகிரிக் காலையில் 33தான் காட்டும். பங்சர் என்று பயப்பட வேண்டாம், நிரப்பினால் போதும்.

நாங்கள் ஏப்ரல் முதல் வாரம் ஊர் திரும்பிவிட்டோம். மாதக் கடைசியில் மகன் வீடியோ கால் போட்டான். கராஜில் டயர்கள் பையிலிருந்து வெளியே வந்திருந்தன. அவன் பட்டன் பள்ளத்தை விரலால் விரித்து, போனை மிகக் கிட்டத்தில் பிடித்துக் காட்டினான். விரிசல் ஒன்றும் இல்லை. மாட்டிக் கொடுக்க வந்த ஆள் பைகளைப் பார்த்து, இது என்ன எழுத்து என்று கேட்டாராம். "எங்கப்பா கையெழுத்துன்னு சொன்னேன்" என்றான். ஜூலையில் அவர்கள் மறுபடி க்யூபெக் சிட்டி போனார்கள். அன்றைக்கு முழுவதும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன் என்பதை என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று செய்தி வந்த பிறகுதான் சாப்பிட்டேன்.

இனி நம் ஊர்க் காருக்கு வருவோம்.

மேலே சொன்ன மெழுகுக் கவசத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயர் ஓடும்போது நசுங்கி விரிந்து நசுங்கி விரிந்துதான் அந்த மெழுகு உள்ளிருந்து மேலே வருகிறது. சும்மா நிற்கிற டயருக்கு அந்த வசதி குறைவு. அதனால் ஓடாத டயர், பட்டன் தேயாவிட்டாலும், தோல் சீக்கிரம் வறண்டுபோகும். பார்க்கில் காலை நடை போகும் நம் கோஷ்டியிடம் இதைச் சொன்னபோது, "நம்ம முட்டிக்கும் இதேதான்" என்றார் ஒரு நண்பர்.

நம்மில் பலருடைய கார் வாரத்துக்கு ஒரு முறை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருவதோடு சரி. பிள்ளைகளைப் பார்க்கப் போனால் ஆறு மாதம் அசையாமல் நிற்கும். பாதி டயரில் சித்திரை வெயில் விழும். பட்டன் நிறைய இருப்பதால் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று நினைத்துக்கொள்கிறோம். மொட்டை டயரைக் கண்டு பயப்படுகிற நாம், வயதான டயரைக் கண்டு பயப்படுவதில்லை.

டயரின் வயதை அறிவது சுலபம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளை அடுத்து ஒரு நீளமான குறியீடு வரும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3617 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 36ஆவது வாரம் செய்தது. நான்கு இலக்கம் வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறார்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது பெரிய கம்பெனிகள் பலவும் சொல்லும் கணக்கு. இதில் ஸ்டெப்னியும் சேர்த்தி.

ஸ்டெப்னியை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு நண்பர் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனார். நகரி தாண்டிப் பங்சர். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தால், புது டயரில் இருக்கும் ரப்பர் மீசை கூட உதிராமல் அப்படியே இருக்கிறது. சந்தோஷமாக மாட்டிக் கிளம்பினார். பத்து கிலோமீட்டரில் அதுவும் போய்விட்டது. பக்கச்சுவர் முழுவதும் மயிரிழை விரிசல். ஊர் வந்ததும் நான் குறியீட்டைப் பார்த்தேன். 12 வயது. அத்தனை வருடமும் டிக்கிக்குள் வெந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஊருக்குக் கிளம்புமுன் டயரில் காற்றைச் சரியாக நிரப்புங்கள். காரை நிழலில், ஜெனரேட்டர் அறைக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தள்ளி நிறுத்துங்கள். சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெருவைச் சுற்றி வரச் சொல்லுங்கள். நான் எதிர் வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவனுக்கும் கார் பழகின மாதிரி ஆயிற்று, என் டயரும் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாமல் தப்பித்தது.

இன்றைக்குச் சாயங்காலம் கீழே இறங்கும்போது மூக்குக் கண்ணாடியையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான்கு டயர், டிக்கியில் ஒன்று, ஆக ஐந்து. ஐந்தின் நான்கு இலக்கத்தையும் ஒரு தாளில் குறித்து ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். ஸ்டெப்னிக்கு எத்தனை வயது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.